இறங்காத கோட்டு

சுரங்கத்துக்குள் போய்த் திரும்பி வராத பதினொரு பேரின் சட்டைகளும், உடை மாற்றும் கூடத்தின் கூரையில் தொங்கியபடியே, அவர்களுக்கு வயது ஏற ஏற வளர்ந்துகொண்டு வந்தன. அந்த மலையூரில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. இந்த வருஷம் உருளைக்கிழங்கு சின்னதாக விளைந்திருக்கிறது, பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு மறுபடியும் சரிந்துவிட்டது, கடைசி வரிசைச் சட்டைக்குக் கூன் விழுந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். ஊர்த் தையல்காரர் அவ்வப்போது வந்து அண்ணாந்து பார்த்து, எதற்குத் தோள் அகன்றிருக்கிறது, எதற்கு இடுப்பு பெருத்திருக்கிறது என்று கண்ணாலேயே அளவு சொல்வார். கூடத்தின் சாவி வைத்திருப்பவளை ஊரில் சாவிக்காரி என்பார்கள். அவள் புருஷனின் சட்டை நீலக் கட்டம் போட்டது. அவன் உள்ளே போன காலத்தில் கச்சிதமாக இருந்தது. பிறகு தோள் விரிந்தது, முன்பக்கம் உப்பிப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு வற்றிக் கை தொளதொளத்துப் போனது. தொப்பை விழுந்த வருஷத்தில் சாவிக்காரி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இங்கே நான் ஒரு துண்டு ரொட்டிக்கு நாய்படாத பாடு படுகிறேன், நீர் அங்கே உட்கார்ந்துகொண்டு எந்த மாமியார் வீட்டு விருந்தைத் தின்கிறீர் என்று கூரையைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்க வேலைக்கு வருகிறவன் வீட்டிலிருந்து போட்டு வந்த உடுப்பைக் கழற்றி ஒரு கொக்கியில் மாட்டுவான். கொக்கி ஒரு சங்கிலியின் நுனியில் இருக்கும். சங்கிலி கூரையிலுள்ள உருளை வழியாகப் போய்ச் சுவருக்கு இறங்கும். அதை இழுத்தால் உடுப்பு மேலே ஏறிவிடும். மேலே சூடு தங்குமாதலால் ஈரமும் காயும், திருட்டும் போகாது. சங்கிலியின் வளையத்தைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு அழுக்கு உடுப்பில் கீழே இறங்குவான். வேலை முடிந்து கரியும் வியர்வையுமாக வந்து, குளித்து, தன் சங்கிலியைத் தானே இறக்கி, வீட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு மனுஷனாகத் திரும்பிப் போவான். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அடுத்தவன் சங்கிலியில் கை வைக்கக் கூடாது. வேறொருவன் இறக்கிவிட்டால், உடுப்புக்குச் சொந்தக்காரன் மேலே வரமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூட எதிராளியின் சங்கிலியைத் தொட்டதில்லை.

அந்த நம்பிக்கையை வைத்தே சுரங்கக் கம்பெனி ஊர்க்காரர்களைக் கட்டிப்போட்டது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஒரு நாள் கீழ்த்தளத்தில் நெருப்புப் பிடித்தது. மேலே வந்தவர்கள் வந்தார்கள். விடிவதற்குள் வெளியூரிலிருந்து லாரியில் கொத்தனார்களைக் கொண்டுவந்து இறக்கி, ஊர்க்காரர் யாரும் கிட்டே போகாதபடி காவல் போட்டு, சுரங்கப் பாதைக்குள் கொஞ்ச தூரத்தில் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். காற்றுப் போகாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும், நிலக்கரி பிழைத்துக்கொள்ளும். உள்ளே எங்கள் ஆட்கள் என்று பெண்கள் கத்தினார்கள். யாருமே இல்லை என்றது கம்பெனி. அப்படியானால் இந்த உடுப்புகள் யாருடையவை என்று கூரையைக் காட்டினார்கள். அந்தப் பதினொரு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் திறக்கும் பழைய குகைவழியாக வெளியேறி, வேலையை விட்டு ஓடிப்போய்விட்டார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடிப்போகிறவன் சட்டை போடாமலா ஓடுவான் என்று சாவிக்காரி கேட்டாள். அப்போது அவள் சாவிக்காரி இல்லை, கல்யாணமாகி வெகுநாள் ஆகாத பெண். ஆபீஸ் குமாஸ்தா ஒருவன், அங்கே வேறு சட்டை வாங்கித் தர வேறு ஆள் இருந்திருக்கும் என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

கம்பெனிக்காரர்கள் அதோடு விட்டார்களா? செத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வது உண்மையானால் உங்கள் கையாலேயே உடுப்பை இறக்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அப்புறம் பேசலாம் என்றார்கள். யார் இறக்குவார்கள்? இறக்கினால் அவன் வரமாட்டானே. பெண்கள் சங்கிலிக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பினார்கள். ஒருத்தி ஆணிவரைக்கும் கை நீட்டி, அங்கேயே மயங்கி விழுந்தாள். பார்த்தீர்களா, உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நீங்களே நம்புகிறீர்கள் என்று கம்பெனி கை கழுவிவிட்டது. பிறகு சட்டைகள் வளர ஆரம்பித்தபோது இன்னும் சௌகரியமாகப் போயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, ஆட்கள் நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். நிலக்கரி பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. நெருப்பு உள்ளுக்குள்ளேயே புகைந்து எல்லாவற்றையும் தின்றது. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஊரில் பாதிப் பேர் போனார்கள். மீதி இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

வருஷங்கள் போயின. கீழ்நாட்டுக்காரர்களுக்குத் திடீரென்று கைவிடப்பட்ட இடங்களைப் பார்க்கும் ஆசை வந்தது. அந்த ஊரைத் தேடிக் கார்களும் வேன்களும் ஏறி வந்தன. சாவிக்காரியின் கொழுந்தன், புருஷனுடைய ஒரே தம்பி, நிலக்கரி இழுத்த சின்ன ரயிலைத் துடைத்து மஞ்சள் வண்ணம் அடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் அந்தச் சுவர்வரைக்கும் போய்த் திரும்புவான். வருகிறவர்கள் முதலில் கூடத்துக்கு வர வேண்டும். கோட்டையோ ஸ்வெட்டரையோ கழற்றிக் கொக்கியில் மாட்டித் தாங்களே மேலே ஏற்றுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குஷி. ஆரஞ்சு அங்கியும் தலைக்கவசமும் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் இறக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். கொழுந்தனுக்கு வாய் நீளம். ரயிலில் ஏற்றுவதற்கு முன் கூரையைக் காட்டி, அதோ தொங்குதே, அதெல்லாம் கம்பி நீட்டினவங்களோட சட்டை, வேலைக்குப் பயந்தாங்களோ பொண்டாட்டிக்குப் பயந்தாங்களோ தெரியாது, போன இடத்துல நல்லாத் தின்னு தொப்பை போட்டிருக்காங்க பாருங்க என்பான். கூட்டம் சிரிக்கும். சாவிக்காரி கூடத்தின் மூலையில் தலைக்கவசங்களைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

உன் கூடப் பிறந்தவனைப் பற்றி ஊரானிடம் சொல்லிச் சிரிக்கிறாயே, உனக்கு நாக்கு அழுகாதா என்று அவள் அவனிடம் சண்டை போடாத வாரம் கிடையாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான். மறுநாள் அதையேதான் சொல்வான். ஒரு தடவை மட்டும், ஓடிப்போனவன்னா எங்கயோ உயிரோட இருப்பான் அண்ணி, அதுக்கு என்ன சொல்றீங்க என்றான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்ததா, இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவள் ஓடிப்போனவன் பெண்டாட்டி. கடையில், தண்ணீர்க் குழாயடியில், பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவளை விட்டுவிட்டு ஓடினான் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருந்தவனை நெருப்பில் விட்டுவிட்டு அவன் ஓடினான் என்று ஆகிறதே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதை யாராவது ஒருவர், தெரிந்த ஒருவர், சத்தமாகச் சொன்னால் போதும் என்று வயதெல்லாம் காத்திருந்தாள்.

குளிர் தொடங்கும் சமயத்தில் ஒரு வயதானவர் தன் மகளோடு வந்தார். நல்ல சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, பளபளவென்று தேய்த்த ஷூ, யாரைப் பார்த்தாலும் தலையை லேசாகச் சாய்க்கும் மரியாதை. கொழுந்தன் சங்கிலியை எப்படி இழுப்பது என்று காட்டுவதற்குள் அவரே இழுத்து வளையத்தை மாட்டிவிட்டார். சுரங்கத்துக்குள் போய் வந்தார்கள். எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். அவருடைய கோட்டு மட்டும் இறங்கவில்லை. கொழுந்தன் உருளைக்கு எண்ணெய் விட்டான். ஏணி வைத்து ஏறிக் கொக்கியிலிருந்து கழற்றப் பார்த்தான். பெரிய எருமையைத் தூக்குகிற கனமாக இருந்தது. மெக்கானிக் வந்து அறுக்க முயன்றதில் ரம்பத்தின் பல்தான் போயிற்று. ஒரு கோட்டுதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை, கட்டிய பெல்ட்டு கட்டியபடியே கிடந்தது. அவர் கூடத்தில், கோட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். மறுநாள் பஸ்ஸில் அனுப்பினார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கக் கை நீட்டியபோதே மறைந்துவிட்டார். நடத்திக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். அதே வளைவு, அதே கூடம். கோட்டு இறங்காமல் ஆள் போக முடியாது போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது நியாயமாகவும் பட்டது. மகளுக்கு வேலை இருந்தது. அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சாவிக்காரி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது.

நல்ல மனுஷராகத்தான் இருந்தார். கோட்டுக்காரர் என்று ஊரே கூப்பிட்டது. ரோடு போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். புகை திரும்பி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த அடுப்புக் குழாயைச் சரி செய்து கொடுத்தார். அவள் பேசினால் நடுவில் வெட்டாமல் கேட்பார். புருஷன் கதையைக்கூட அவரிடம் சொன்னாள். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெகு காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் ஆம்பிளை உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று, சூப்பில் கிடக்கும் பெரிய உருளைக்கிழங்காகப் பார்த்து அவர் தட்டில் போடுவாள். பின்னால் எல்லாம் தெரிந்தபோது அவளுக்கு எதைவிடவும் அந்த உருளைக்கிழங்குகள்தான் ஆறவே இல்லை.

தெரிந்தது இப்படித்தான். ஒரு நாள் கோட்டுக்காரர் கொழுந்தனோடு பொழுதுபோகாமல் ரயிலில் போயிருக்கிறார். சுவருக்கு முன்னால் நின்று கையால் தடவிப் பார்த்து, இங்கே ஒரு குழாய் இருக்குமே, அது எங்கே என்று கேட்டாராம். குழாயா, என் ஆயுசுக்கும் இந்தச் சுவரைப் பார்க்கிறேன், ஒரு குழாயும் கிடையாது என்று கொழுந்தன் சிரித்தானாம். சாயங்காலம் அவன் இதை ஒரு வேடிக்கையாக அண்ணியிடம் சொன்னான். பெரியவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்றான். சாவிக்காரி சிரிக்கவில்லை. சுவர் எழும்பியபோது ஊர்க்காரன் ஒருவனும் கிட்டே இல்லை. கட்டியவர்கள் வெளியூர்க் கொத்தனார்கள், அன்றைக்கே லாரியில் போய்விட்டார்கள். அப்படியிருக்க, அதில் குழாய் இருந்தது என்று ஒருத்தருக்குத் தெரியுமானால், அவர் யாராக இருக்க வேண்டும்? மறுநாள் காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய், நெஞ்சு உயரத்தில் பூச்சு கொஞ்சம் வேறு நிறமாக இருந்த இடத்தில் கொத்தினாள். பூச்சுக்குப் பின்னால் இரும்புக் குழாயின் வாய் இருந்தது. சிமெண்டும் சாக்குத் துணியுமாகத் திணித்து அடைத்திருந்தார்கள். நெம்பி எடுத்தாள். முழுசாக, குழாயின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கோட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

அவர் பார்த்தார். கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அப்போது சின்ன இன்ஜினியர், எனக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள் என்றார். நெருப்பு அணைய வேண்டுமானால் காற்றை நிறுத்தியாக வேண்டும், எந்தச் சுரங்கத்திலும் அதுதான் முறை என்றார். உள்ளேயிருக்கும் காற்றைச் சோதிக்கத்தான் முதலில் அந்தக் குழாயை வைத்தோம், பிறகு தேவைப்படவில்லை என்றார். பதமாக, பொறுமையாக, அடுப்புக் குழாயைப் பற்றிச் சொன்ன அதே குரலில் பூசி மெழுகினார். அவள் முழுசாகக் கேட்டாள்.

"அது வழியா தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"ரொம்ப வருஷம் ஆச்சும்மா. ஞாபகம் இல்ல."

அவள் தட்டை எடுத்து, மிச்சமிருந்ததை வாசலில் கொட்டினாள். அவருடைய பெட்டியையும் வாசலில் வைத்தாள். மறுநாள் அவர் கூடத்துக்கு வந்து, இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். சாவிக்காரி கையிலிருந்த துடைப்பத்தை எறிந்தாள்.

"மன்னிச்சு நான் என்ன பண்ண, குளிர் காயவா? அவர் ஓடிப்போகலைன்னு சொல்லு. என்கிட்ட இல்ல. இங்க நின்னு, நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

அவர் சொல்லவில்லை. மகள் வந்தாள். நல்ல பெண்தான், அழுதாள், அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்றாள். வக்கீலைக் கூப்பிட்டுப் பேசினாள். எந்தக் காரணம் கொண்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார் வக்கீல். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டுக்காரர் கூடத்து பெஞ்சிலேயே கிடந்தார். ஊரில் வேறு யாரும் இடம் தரவில்லை. மகள் கொண்டுவந்த புதுக் கோட்டு எதையும் அவர் உடம்பு ஏற்கவில்லை, போட்ட கையோடு நழுவித் தரையில் கிடக்கும். பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருப்பார். ஐயோ பாவம், வயசான மனுஷன் என்று சில பேர் பேச ஆரம்பித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் சூடாக ஏதோ கொண்டுவந்து கொடுத்தார், யாரோ ஒரு கம்பளி கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக என்னை ஒரு நாய் ஐயோ பாவம் என்று சொன்னதா என்று சாவிக்காரி தெரு நடுவில் நின்று கேட்டாள். கொழுந்தனோ, குழாய் இருந்தால் என்ன அண்ணி, உள்ளே ஆள் இருந்ததாக யார் கண்டது என்று முனகினான். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை. சுவர்வரைக்கும் ரயில் ஓட்டினான், ஆனால் சுவர்ப்பக்கம் முகம் திருப்புவதை விட்டுவிட்டான்.

பனி உருகி ரோடு திறந்ததும் முதல் வேன்கள் வந்தன. கூடம் நிறைந்தது. கோட்டுகள் ஏறின, அங்கிகள் மாட்டப்பட்டன, கொழுந்தன் பழக்கத்தில் கையைக் கூரைக்குத் தூக்கினான். அதோ தொங்குதே, அதெல்லாம் கம்பி நீட்டினவங்களோட சட்டை என்று ஆரம்பித்தான். தொப்பை என்றதும் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள். சாவிக்காரி கையில் இருந்த தலைக்கவசத்தைத் தரையில் அடித்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. பெஞ்சில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். என்ன நினைத்து எழுந்தார் என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னார். குளிர்தான் காரணம் என்பது சாவிக்காரியின் எண்ணம்.

"யாரும் ஓடிப்போகல," என்றார். குரல் கம்மியிருந்தது. சத்தமாச் சொல்லு என்றாள் சாவிக்காரி. "யாரும் ஓடிப்போகல. பதினொரு பேரும் உள்ளதான் இருந்தாங்க. குழாயில தட்டினாங்க. மத்தியானம் வரைக்கும் கேட்டுச்சு. ஊர்க்காரங்களுக்குக் கேட்டா சுவரை இடிச்சிடுவாங்க, நெருப்பு பெருசாயிடும், அதனால குழாயை அடைக்கச் சொன்னேன். ஓடிப்போனாங்கன்னு எழுதிக் கொடுத்ததும் நான்தான்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டாராம். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மத்தியானத்துக்கு அப்புறம்?" என்று சாவிக்காரி கேட்டாள்.

"அதுக்கப்புறம் கேக்கல," என்றார். "அடைச்சாச்சே."

அப்போது பதினொரு சங்கிலிகளும் ஆணிகளிலிருந்து தாமாகக் கழன்றுகொண்டன. சட்டைகள் இறங்கின. அவசரமில்லாமல், வேலை முடிந்து வந்தவன் இறக்குகிற அதே வேகத்தில் இறங்கின. இறங்க இறங்க அவற்றின் வயது குறைந்தது. கூன் நிமிர்ந்தது, தொப்பைகள் உள்ளே போயின, தொளதொளத்த கைகள் இறுகின. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்து நின்றபோது எல்லாம் அந்த வாலிபர்கள் கழற்றி மாட்டிய சட்டைகளாக இருந்தன. நீலக் கட்டம் போட்டதில் அவள் தேய்த்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் அதைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். ஆணியில் கை வைக்க முடியாமல் மயங்கி விழுந்தவளும் வந்து தன் ஆளுடையதை எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் தரையில் உட்கார்ந்து, அண்ணா என்று ஒரு தடவைதான் சொன்னான். அத்தனை வருஷமும் எங்கேயோ தின்றுகொண்டு உயிரோடிருந்த அண்ணன் அவனுக்கு அன்றைக்குத்தான் செத்தான். அவளுக்கும்தான்.

சட்டைகளை மலைச்சரிவில், சுரங்க வாயைப் பார்த்தாற்போல் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஊரே வந்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று சொன்ன வாய்களெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டன. கேட்டது கிடைத்துவிட்டால் கோபம் தணியும் என்று அவள் நினைத்திருந்தாள். தணியவில்லை. முன்பு அது ஓர் ஊரைப் பார்த்து, ஒரு நோட்டீஸைப் பார்த்து, தொப்பை போட்ட ஒரு சட்டையைப் பார்த்துச் சிதறிக் கிடந்தது. இப்போது ஒரு குழாயடியில் வந்து சேர்ந்துகொண்டது. யார் தட்டியிருப்பார்கள், முறை வைத்துத் தட்டினார்களா, அவன் முறையில் அடைத்தார்களா என்று யோசிப்பாள். யோசித்தால் கையில் இருப்பது எதுவானாலும் உடையும். கம்பெனிக்கு எழுதினார்கள். அது வேறு பெயரில் வேறு ஏதோ வியாபாரம் செய்துகொண்டிருந்தது. பதில் வரவில்லை.

சாம்பல் நிறக் கோட்டு மட்டும் மேலேயே தொங்கியது. கோட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, நான்தான் சொல்லிவிட்டேனே என்றார். பல தடவை இழுத்துப் பார்த்தார். மகள் வந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது, அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள். காரில் ஏற்றினாள். மூன்றாவது வளைவில் அவர் இல்லை. திரும்பி வந்து, இரும்புமனசுக்காரி நீங்கள்தான் ஏதோ செய்து வைத்திருக்கிறீர்கள் என்று சாவிக்காரியிடம் சண்டைக்கு நின்றாள், அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அன்று கூடத்தில் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். சாவிக்காரி கையை விடுவித்துக்கொண்டு நேரே சுவரிடம் போனாள். கோட்டின் சங்கிலியைப் பிடித்தாள். யாரோ வேண்டாம் என்றார்கள். இனிமேல் எனக்கு அந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று அவள் வளையத்தைக் கழற்றினாள். எருமை கனம் கனத்த கோட்டு அவள் கையில் துணிக்கொடியில் காயும் துண்டு மாதிரி லேசாக இறங்கியது. ஒரு முழம் இறங்கியது, இன்னொரு முழம் இறங்கியது. கோட்டுக்காரர் இரண்டு கையையும் மேலே நீட்டினார். விரல் நுனியில் கம்பளி பட்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் நிறுத்தினாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக் கோட்டைக் கூரைக்கு ஏற்றி, வளையத்தை ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கு வர்றவங்களுக்கு யார் சொல்லுவா?" என்றாள்.

மகள் இப்போதும் மாதா மாதம் வருகிறாள். பிஸ்கட்டும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள். கோட்டின் தோள் தாழ்ந்து முதுகு வளைய ஆரம்பித்திருக்கிறது என்று தையல்காரர் சொல்கிறார். கொழுந்தன் ரயிலை மட்டும் ஓட்டுகிறான், பேசுவதில்லை. சுவருக்கு முன்னால் ரயில் நின்றதும் கோட்டுக்காரர் இறங்கி, திறந்து கிடக்கும் குழாயின் வாயில் விரலை வைத்துக் காட்டி, யாரும் ஓடிப்போகவில்லை என்பதில் ஆரம்பித்து, அடைச்சாச்சே என்பதுவரை சொல்கிறார். ஒரு சொல் விட்டுப்போனாலும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரி, மறுபடி என்பாள். அவர் மறுபடி சொல்வார். சங்கிலி அவள் கைக்கு வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளிடம் கேட்பதில்லை, அவரும் கேட்பதில்லை. பகல் ரயிலுக்கு ஆள் சேர்ந்துவிட்டால் அவரே எழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்கிறார்.